51 வயதில் ஆறு தந்திகள்



மேடையில் நின்று மற்றவர்களுக்குப் போதிப்பது எனக்குப் பழகிப்போன வேலை. ஆனால், கையளவுள்ள ஒரு செல்போனின் முன்னால் மாணவனாய் அமர்ந்து, விரல் நுனிகள் வலிக்க வலிக்கப் பாடம் கற்ற கதையை இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்து, பட்டணத்துச் சிற்றறைகளில் வாழுகின்ற நம்மில் அநேகருக்கு இது பிரயோஜனமாயிருக்கும் என்று நம்புகிறேன். இக்கதையில் என் வெட்கமும் ஒன்று அடங்கியிருக்கின்றது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மூலையில் சாய்ந்திருந்த கிட்டார்

மும்பையில் எங்கள் சபை ஒரு வாடகைக் கூடத்தில் கூடிவருகின்றது. அங்கே பல ஆண்டுகளாக ஒரு தம்பி கிட்டார் வாசித்து வந்தான். தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வந்து, தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்தவன். சனிக்கிழமை இரவு வேலை முடிய எத்தனை மணியானாலும், ஞாயிறு காலையில் எல்லாருக்கும் முன்பாகக் கூடத்தில் இருப்பான்.

2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம், நல்ல மழைக்காலம். ஆராதனை தொடங்கும் நேரமாகியும் அவன் தந்திகளைத் திருகித் திருகிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று இறங்கியது. சபையார் காத்திருந்தார்கள். நான் ஒலிபெருக்கியிலேயே, "தம்பி, நாம் கச்சேரிக்கா வந்திருக்கிறோம்? போதும், தொடங்கலாம்" என்றேன். கூடம் முழுவதும் சிரித்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. தலை குனிந்தபடியே வாசிக்கத் தொடங்கினான். சில மாதங்களில் புனேயில் வேலை கிடைத்ததென்று சொல்லி விடைபெற்றுப் போய்விட்டான். சபைக்குச் சொந்தமான கிட்டார் கூடத்தின் மூலையில், உறைக்குள் அப்படியே நின்றது.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. கூடம் பூட்டப்பட்டது. கரையான் அரிக்குமோ என்ற பயத்தில் அதற்கு முன்பே கிட்டாரை வீட்டிற்குக் கொண்டுவந்திருந்தேன். எங்கள் வீட்டில் இரண்டு சிறிய அறைகள். நான், என் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள் ஆகிய மூவர். ஜெபக்கூட்டங்கள் செல்போன் வழியாக நடக்கத் தொடங்கின. வாத்தியம் ஏதுமின்றிப் பாடும்போது, முதல் சரணத்தில் ஒரு சுருதி, மூன்றாம் சரணத்தில் வேறொரு சுருதி என்றாகிவிடும். ஒருநாள் பாட்டு முடிந்தவுடன் என் மகள், "அப்பா, கிட்டார் சும்மாதானே இருக்கிறது? நீங்களே கற்றுக்கொள்ளலாமே. யூடியூபில் எல்லாம் இலவசமாக இருக்கிறது" என்றாள்.

நான் சிரித்தேன். 51 வயதில் வளையாத விரல்களை வைத்துக்கொண்டா? ஆனாலும் அன்றிரவே அந்த உறையின் ஜிப்பைத் திறந்தேன்.

இலவசம் என்னும் பெருங்காடு

நான் வேதாகமக் கல்லூரியில் படித்த நாட்களில் ஒரு மூத்த மாணவர் அருமையாகக் கிட்டார் வாசிப்பார். கற்றுத்தரும்படி கேட்டேன். "பார்த்துக் கற்றுக்கொள்" என்றார். பார்க்கப் போனால் உடம்பைச் சற்றுத் திருப்பிக்கொள்வார். அக்காலத்தில் வித்தை என்பது அரிதான பொருள். அதை வைத்திருந்தவர்கள் எளிதில் கொடுத்துவிடுவதில்லை.

இன்றைய நிலை முற்றிலும் வேறு. யூடியூப் 2005-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னமே, 2003-இல், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் பிறந்து இங்கிலாந்தில் கிட்டார் ஆசிரியராய்ப் பணிசெய்துவந்த ஜஸ்டின் சாண்டர்கோ என்பவர், ஜஸ்டின்கிட்டார் என்ற இணையதளத்தில் பாடங்களை வெளியிடத் தொடங்கியிருந்தார். 2006 முதல் அவரது பாடங்கள் யூடியூபிலும் வரத் தொடங்கின. தொடக்க நிலைப் பாடங்களுக்குக் கட்டணம் இல்லை. மனமுள்ளவர்கள் நன்கொடை அனுப்பலாம். அவரைப் போல உலகெங்கும் எத்தனையோ ஆசிரியர்கள். தமிழிலும் அநேகர் கற்றுத் தருகிறார்கள். நம் தேசத்தில் 2016-இல் ஜியோ வந்த பிறகு இணையக் கட்டணம் பெருமளவில் குறைந்தது. இசை வகுப்புக்கு மாதக் கட்டணம் கட்ட இயலாத குடும்பத்துப் பிள்ளையும் இன்று நல்ல ஆசிரியரின் விரல்களை அருகிலிருந்து பார்க்கலாம். இது நம் காலத்தின் பெரிய நன்மை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் வாசகரே, காட்டிற்குள் நுழைவது எளிது. வழி கண்டுபிடிப்பதே கடினம். முதல் பத்து நாட்களில் நான் ஆறு ஆசிரியர்களிடம் "படித்தேன்". ஒருவர் பத்தே நாட்களில் வாசிக்கலாம் என்றார். மற்றொருவர் ஒரே விரலால் நூறு பாட்டு என்றார். ஒரு பாடம் முடியுமுன் அடுத்தது திரையில் வந்து நின்றது. இரவு பதினொரு மணிக்கு ஒரு கணக்குப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் பாடம் பார்த்திருக்கிறேன். கிட்டார் என் மடியில் இருந்தது மொத்தம் பத்து நிமிடம்! சமையல் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் பட்டினி கிடந்ததுபோல் ஆயிற்று.

அன்று ஒரு தீர்மானம் செய்தேன். ஒரே ஆசிரியர், ஒன்றாம் பாடத்திலிருந்து வரிசை தவறாமல், பத்து நிமிடம் பார்த்தால் இருபது நிமிடம் வாசிக்க வேண்டும். கற்றுக்கொண்டதற்குக் காரணம் என்று எதையாவது சொல்வதானால், இந்தத் தீர்மானத்தையே சொல்லுவேன்.

மூன்று கார்டுகளும் ஒரு மணிக்காட்டியும்

கிட்டாரில் ஆறு தந்திகள். தடித்ததிலிருந்து மெல்லியது வரை இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சுருதி சேர்க்க வேண்டும். இதற்கும் இலவசச் செயலிகள் உண்டு. தந்தியை மீட்டினால் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று செல்போனே காட்டிவிடும். ஒரே நேரத்தில் பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பதைக் கார்டு என்கிறார்கள். நான் தெரிந்துகொண்ட ஆசிரியர் முதலில் ஏ, டி, அதன்பின் இ என்னும் மூன்று கார்டுகளைக் கற்றுக்கொடுத்தார். இம்மூன்றையும் அறிந்தால் எளிமையான துதிப்பாடல்கள் பலவற்றை ஏ சுருதியில் வாசித்துவிடலாம்.

அவர் கற்பித்த முறையில் ஒரு சிறு ஞானம் இருந்தது. ஏ கார்டிலிருந்து டி கார்டுக்குப் போகும்போது ஆள்காட்டி விரல் மூன்றாம் தந்தியில், இரண்டாம் கட்டத்திலேயே அசையாமல் நிற்கின்றது. இ கார்டுக்குப் போகும்போது அதே விரல் அதே தந்தியின்மேல் ஒரு கட்டம் பின்னால் நகர்கின்றது. தந்தியை விட்டு எழும்புவதில்லை. ஒரு விரல் வீட்டைக் காத்துக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் வேலைக்குப் போய்வருகின்றன. இதை அறியாமல் மூன்று விரல்களையும் தூக்கித் தூக்கி வைத்தால் ஆயுள் முழுவதும் தடுமாற்றம்தான்.

விரலைக் கட்டத்தின் நடுவில் வைக்கக்கூடாது. ஃபிரெட் எனப்படும் உலோகக் கோட்டை ஒட்டி வைக்க வேண்டும். அப்பொழுது பாதி பலத்தில் முழு ஓசை வரும். இதுவும் காணொளியில் கற்றதே. ஆயினும் எஃகுத் தந்திகள் முதல் இரண்டு வாரமும் விரல் நுனிகளை நன்றாகத் தண்டித்தன. சோறு பிசையும்போதும் எரிந்தது. மூன்றாம் வாரத்தில் தோல் தடித்தது, வலி போயிற்று. வலிக்கும் நாட்களில் ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்காராமல், காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

"ஒரு நிமிட மாற்றம்" என்றொரு பயிற்சியும் உண்டு. மணிக்காட்டியை வைத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் இரண்டு கார்டுகளுக்கிடையே எத்தனை முறை மாற முடிகிறதென்று எண்ண வேண்டும். முதல் நாள் எனக்கு வந்தது 9. மனைவி அடுக்களையிலிருந்து எண்ணிக்கொடுத்தாள். ஒரு வாரத்தில் 17 ஆயிற்று. ஒரு மாதத்தில் 31. நொடிக்கு ஒன்று வீதம் 60-ஐத் தொட எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. என் மகளுக்கு மூன்றே வாரம் பிடித்திருக்கும். ஆனால் அவள் நாள்தோறும் உட்காரமாட்டாள், நான் உட்கார்ந்தேன். வயதானவர்களுக்கு விரல் வேகம் குறைவு என்பது உண்மை. தவறாமல் உட்காரும் பொறுமை கூடுதலாயிருக்கக்கூடும் என்பதும் உண்மை.

யூடியூபில் வேகத்தைப் பாதியாய்க் குறைத்துப் பார்க்கும் வசதி இருக்கின்றது. சுருதி மாறாது, வேகம் மட்டுமே குறையும். வலக்கை மீட்டும் முறையைக் கற்க அது பேருதவி. எதிரில் அமர்ந்திருக்கும் ஆசிரியரின் இடக்கை நமக்கு வலப்புறம் தெரிவதால் வரும் குழப்பமும் சில நாட்களில் தீர்ந்துவிடும்.

காணொளிக்குக் காதில்லை

ஜூன் மாதம் மழையோடு வந்தது. நானும் மூன்று கார்டுகளை வைத்து ஒரு பாட்டை முழுவதுமாய் வாசிக்கும் நிலைக்கு வந்திருந்தேன். ஆனால் ஏதோ சரியில்லை. டி கார்டில் மெல்லிய தந்தி "டப்" என்று அடைத்துக்கொண்டது. மீண்டும் பாடத்தைப் பார்த்தேன். திரையில் ஆசிரியர் புன்னகையோடு, நன்றாகச் செய்கிறீர்கள், தொடருங்கள் என்று உற்சாகப்படுத்தினார். நான் நன்றாகச் செய்யவில்லையே! நான் சரியாய் வாசித்தாலும் அதே புன்னகை. தவறாய் வாசித்தாலும் அதே புன்னகை. அப்பொழுதுதான் எனக்குப் புரிந்தது: இந்த ஆசிரியரால் எல்லாவற்றையும் காண்பிக்க முடியும், என்னைக் கேட்க முடியாது.

அவர்மேல் குற்றமில்லை. ஒரு கார்டைப் பிடித்தபின் தந்திகளை ஒவ்வொன்றாய் மீட்டி, எது ஒலிக்கவில்லை என்று நீங்களே சோதியுங்கள் என்று அவரே ஒரு பயிற்சியைத் தந்திருக்கிறார். அதைச் செய்தேன். எந்தத் தந்தி அடைக்கிறது என்று தெரிந்தது. ஏன் அடைக்கிறது என்று தெரியவில்லை.

நம்முடைய பாடல்களுக்கும் அந்தப் பாடங்களுக்கும் இடையே வேறொரு இடைவெளியும் இருந்தது. தொடக்கப் பாடங்கள் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையில் மீட்டக் கற்பிக்கின்றன. நாம் பாடும் தமிழ்ப் பாடல்களில் அநேகம் ஆறு எண்ணிக்கையில், தொட்டில் அசைவதுபோல் செல்லுகின்றன. அதைத் தனியே தேடிக் கற்க வேண்டியிருந்தது. கீர்த்தனைகளோ இன்னும் கடினம். வேதநாயகம் சாஸ்திரியார் (1774 - 1864) போன்றவர்கள் கர்நாடக இராகங்களில் இயற்றிய பாடல்களுக்கு மேல்நாட்டுக் கார்டுகளைக் கண்டபடி வைத்தால் இராகத்தின் முகமே மாறிவிடும். எங்கே கார்டு வேண்டும், எங்கே ஒரு தந்தியை மட்டும் மெல்ல மீட்டிவிட்டுக் குரலுக்கு வழிவிட வேண்டும் என்பதை, அந்தப் பாட்டோடு வளர்ந்த ஒரு காதுதான் சொல்ல முடியும்.

இவையெல்லாவற்றிலும் என்னை அதிகமாய்ப் பாதித்தது சுருதிதான். மாலை ஆறு மணிக்கு ஆறு தந்திகளையும் சரியாகச் சேர்த்து வைப்பேன். ஏழு மணிக்குக் கூட்டம் தொடங்கும்போது இரண்டு தந்திகள் நகர்ந்திருக்கும். காரணத்தைத் தேடிப் படித்தேன். காற்றிலுள்ள ஈரத்தை மரம் உறிஞ்சி உப்புகின்றது; உலரும்போது சுருங்குகின்றது. வெப்பம் மாறினால் உலோகத் தந்தியின் இழுவிசையும் மாறுகின்றது. பழைய, துருவேறிய தந்திகளோ சுருதியில் நிற்பதே இல்லை. மழைக் குளிரிலிருந்து ஒரு கிட்டாரை ஆட்கள் நிறைந்த, வெப்பமான கூடத்திற்குள் கொண்டுவந்தால், அது அந்தச் சூழலுக்குப் பழகச் சற்று நேரம் பிடிக்கும். அதுவரை ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று இறங்கும்.

ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று இறங்கும்.

கிட்டாரை மடியில் வைத்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஓராண்டிற்கு முன், இதே மழைக்காலத்தில், அந்தத் தம்பி செய்துகொண்டிருந்தது இதைத்தான். நான்தான் கச்சேரி என்றேன்.

அதோடு முடியவில்லை. என் வழக்கம் என்ன தெரியுமா? செய்தியின் நடுவே மனதில் ஒரு பாட்டு வந்தால், வாய்க்கு வந்த சுருதியில் தொடங்கிவிடுவேன். இரண்டாம் அடிக்குள் கிட்டார் என்னோடு வந்து சேர்ந்துவிடும். அது தானாய் நடக்கிறதென்று நினைத்திருந்தேன். இப்பொழுது அந்த வேலையை நானே செய்து பார்த்தேன். பாடுகிறவரின் சுருதியைக் காதில் வாங்க வேண்டும். கிட்டாரில் அது எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும். கேப்போ என்னும் கவ்வியை உரிய கட்டத்தில் மாட்ட வேண்டும். இரண்டாம் கட்டத்தில் மாட்டினால் டி கார்டு இ சுருதியில் ஒலிக்கும். இப்படி ஒவ்வொரு கட்டத்திற்கும் மனதில் ஒரு கணக்கு வேண்டும். இவ்வளவையும் அவன் நான்கைந்து நொடிகளில் செய்தான். ஞாயிறுதோறும் செய்தான். ஒருநாளும் நான் அதைக் கவனித்ததில்லை, நன்றி சொன்னதுமில்லை.

புனேக்கு ஓர் அழைப்பு

மன்னிப்பைக் குறித்து எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறேன். ஆனாலும் அந்த எண்ணை அழுத்த எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அவன் மறந்திருப்பான், நாம் ஏன் நினைவுபடுத்த வேண்டும் என்று என் மனம் எனக்குச் சாதகமாய் வழக்காடியது. கடைசியில் ஒரு மாலையில் அழைத்தேன்.

நலம் விசாரித்தான். பட்டறை மூடியிருப்பதாகவும், பாதிச் சம்பளம் வருவதாகவும் சொன்னான். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். மழைக்காலத்து ஞாயிறு, சுருதி, சபையார் சிரித்தது எல்லாவற்றையும் சொல்லி, "நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது தம்பி. தெரியாமல் பேசினேன். என்னை மன்னிக்க வேண்டும்" என்றேன்.

அவன் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "பரவாயில்லை ஐயா" என்றான். இன்னும் சற்றுநேரம் கழித்து, "அன்றைக்கு அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாங்க ஐயா. நான் வாசிக்கிறதை முதல் தடவையாய்ப் பார்க்க வந்தாங்க" என்றான்.

வாசகரே, இது எனக்குத் தெரியாது. பெண்கள் பக்கத்தில், பின்வரிசையில், ஒரு கிராமத்துத் தாய் தன் மகனைப் பார்க்க அமர்ந்திருந்திருக்கிறார். அவர் முன்னிலையில்தான் கூடமே சிரித்தது. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நான் மௌனமாயிருந்தேன். அந்தத் தாயிடமும் பேச வேண்டும் என்று கேட்டேன். "பேசுங்க ஐயா, சந்தோஷப்படுவாங்க" என்று எண்ணைக் கொடுத்தான். அன்றிரவே பேசினேன். அவர் பெருந்தன்மையாக, "நீங்க பெரியவங்க, சொல்லலாம்" என்றார். அது எனக்கு ஆறுதலாயிருக்கவில்லை. பெரியவன் என்ற காரணத்தினாலேயே நான் சொல்லியிருக்கக்கூடாது.

அதற்கு முன், அந்தத் தம்பியோடு பேசி முடிக்கும் வேளையில், நான் கிட்டார் கற்றுக்கொள்வதைச் சொன்னேன். அவன் முதன்முறையாகச் சிரித்தான். "ஐயாவா? வீடியோ காலில் வாங்க, வாசிச்சுக் காட்டுங்க" என்றான். செல்போனை அரிசி டப்பாவின்மேல் சாய்த்து வைத்துவிட்டு வாசித்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"நிறுத்துங்க ஐயா. உங்க மோதிர விரல் படுத்துக் கிடக்குது. அது கீழே இருக்கிற ஸ்டிரிங்கைத் தொடுது, அதனால்தான் அடைக்குது. நகத்தை ஒட்ட வெட்டுங்க, விரல் நேராய் நிற்கும். கட்டை விரலைக் கழுத்துக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் இறக்குங்க."

செய்தேன். மூன்று மாதமாய் ஒலிக்காத தந்தி ஒலித்தது.

"அப்புறம், ஸ்டிரிங் மாற்றினீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்படின்னா அது நான் போட்ட ஸ்டிரிங்தான் ஐயா. ஒரு வருஷத்துக்கு மேலே ஆயிடுச்சு. அது எப்படிச் சுருதியில் நிற்கும்?"

அவன் தன் சம்பளத்தில் வாங்கிப் போட்ட தந்திகளில்தான் நான் அத்தனை நாளும் கற்றுக்கொண்டிருந்தேன்.

கேட்கிற ஒருவர்

அன்றுமுதல் வாரத்திற்கு ஒருமுறை அவன் பத்து நிமிடம் என்னைக் கேட்பான். திரையிலிருந்த ஆசிரியர் கற்பித்தார். புனேயிலிருந்த தம்பி திருத்தினான். இரண்டும் சேர்ந்தபோதுதான் கல்வி முழுமையாயிற்று. ஓசை தாமதமாய் வருவதால் செல்போன் வழியாக இருவர் சேர்ந்து வாசிக்க இயலாது. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கலாம். அது போதுமானதாயிருந்தது.

மகாராஷ்டிரத்தில் வழிபாட்டுத் தலங்கள் 2020 நவம்பர் 16 அன்று மீண்டும் திறக்கப்பட்டன. அதற்கடுத்த ஞாயிறு, முகக்கவசத்தோடும் இடைவெளியோடும் அமர்ந்திருந்த சிறு கூட்டத்தின் முன் நான் வாசித்தேன். இரண்டாம் சரணத்தில் கார்டு மாற்றத் தாமதித்தேன். சபையார் எனக்காகப் பாட்டை மெதுவாக்கிக் காத்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அந்தத் தம்பிக்குக் கொடுக்காததை அவர்கள் எனக்குக் கொடுத்தார்கள்.

அவன் எங்கள் சபைக்குத் திரும்பவில்லை. புனேயிலேயே திருமணமாகி, அங்குள்ள ஒரு சபையில் வாசிக்கிறான். அதுவே நல்லது. நான் இன்றும் சுமாராகவே வாசிக்கிறேன். ஒரு விரலால் ஆறு தந்திகளையும் அழுத்த வேண்டிய எஃப் கார்டு எனக்கு இன்னும் முழுதாய்க் கீழ்ப்படிவதில்லை. எளிய வடிவத்தில் சமாளித்துக்கொள்கிறேன்.

ஆனால் ஞாயிறு ஆராதனைக்குப் பின் எங்கள் கூடத்தில் ஐந்து பிள்ளைகள் கிட்டாரோடு உட்காருகிறார்கள். பாடத்தை வீட்டில் செல்போனில் பார்த்து வருவார்கள். நான் கற்பிப்பதில்லை, என்னைவிட நன்றாய்க் கற்பிப்பவர்கள் திரையில் இருக்கிறார்கள். நான் ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் உட்கார்ந்து கேட்கிறேன். எந்தத் தந்தி அடைக்கிறது, எந்த விரல் படுத்திருக்கிறது, எந்தப் பிள்ளை சோர்ந்திருக்கிறது என்று கவனிக்கிறேன்.

உங்கள் பிள்ளையோ, நீங்களோ கற்க விரும்பினால் என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். ஒரே ஆசிரியரைத் தெரிந்துகொண்டு வரிசையாய்ப் படியுங்கள். பார்க்கும் நேரத்தைவிட வாசிக்கும் நேரம் அதிகமாயிருக்கட்டும். பழைய கிட்டாரானால் முதலில் புதிய தந்திகளை மாட்டுங்கள். இல்லாவிட்டால் கருவியின் குறையை உங்கள் குறையென்று நினைத்துச் சோர்ந்துபோவீர்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடையுங்கள். மழைக்காலத்தில் ஈரச் சுவரோரம் சாய்த்து வைக்காமல் உறைக்குள் வையுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, உங்களைக் கேட்க ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் இசைமேதையாயிருக்க வேண்டியதில்லை. எண்ணிக்கொடுக்க ஒரு மனைவி, அடைக்கிறதென்று சொல்ல ஒரு மகள், விரலைத் திருத்த ஒரு தம்பி போதும். இலவசமாய்க் கிடைக்கும் பாடங்களில் எல்லாம் உண்டு. அந்த ஒருவரைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

எங்கள் கூடத்தில் இப்பொழுது ஓர் ஒழுங்கு உண்டு. ஆராதனைக்கு முன் பதினைந்து நிமிடம், கிட்டார் வாசிக்கும் பிள்ளை தந்திகளைச் சேர்க்கும் வேளை. அந்நேரத்தில் ஒலிபெருக்கி அணைக்கப்பட்டிருக்கும். அந்தப் பிள்ளை தலைநிமிர்ந்து, ஆயிற்று என்று தலையசைத்த பிறகே நான் எழுந்திருப்பேன்.

உங்கள் சபையிலோ வீட்டிலோ வாத்தியம் வாசிக்கிற ஒருவர் இருப்பாரானால், இந்த வாரத்தில் அவரிடம் போய் ஒரு நன்றி சொல்லுங்கள். கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பாராக.